தெருமுக்கு வரை வந்தவர்

கோமதிசங்கருக்கு மண்டைக்கனம் என்றுதான் பேச்சு. பாளையங்கோட்டையில் அவர் குடியிருந்த தெருவிலும் அதே பேச்சு, சொந்த ஊரான கல்லிடைக்குறிச்சியிலும் அதே பேச்சு. எதிரே வருகிறவர் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க மாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வேகத்தைக் கூட்டிவிடுவார். கல்யாண வீடுகளுக்கு, பந்தலில் நாற்காலி போடுவதற்கு முன்பே போய்ப் பெண்ணின் தகப்பனாரிடம் கவரை நீட்டிவிட்டு, முதல் பந்திக்கு இலை விரிக்கும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

"பிளான் வரையுத ஆளுக்கே இந்த மிடுக்குன்னா, இஞ்சினியராப் படிச்சிருந்தா நம்மள ஏறெடுத்துப் பாப்பாரா வே?" என்று அவர் காதுபடவே ஒருவர் சொன்னதுண்டு. கோமதிசங்கர் வேலை பார்த்தது வண்ணார்பேட்டையில் ஒரு கட்டட இஞ்சினியரின் ஆபீசில். பின்னறையில் மேசை விளக்குக்கு அடியில் குனிந்து வீட்டு பிளான்கள் வரைவார். அவர் போட்ட கோட்டில் பிசிறு இருக்காது.

அவருக்குள் நடந்தது வேறு. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தை நெருங்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். உள்ளங்கை நனைந்துவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் தன் நடையையே பார்க்கிறார்கள் என்று தோன்றும். தோன்றியதும் கால் பின்னும். காப்பி டம்ளரைக் கையில் வாங்கினால் நடுங்கும், நடுங்குவதைப் பார்த்துவிடுவார்களே என்று நினைத்தால் இன்னும் நடுங்கும். அதனால் எந்த வீட்டிலும் காப்பி வாங்குவதில்லை. "எங்க வீட்டுக் காப்பி அவருக்குத் தொண்டையில எறங்காது போல" என்பார்கள்.

இது எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கச் சொன்னால், தெரிந்த பதிலையும் சொல்லாமல் அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததுதான் ஞாபகம். வீட்டில் அதைக் குறையாக யாரும் நினைக்கவில்லை. சங்கோஜி, யார் வம்புக்கும் போகாத பிள்ளை என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் தலை நிமிரவே இல்லை. மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று பெண் வீட்டாருக்கு மெத்தத் திருப்தி. அப்படித்தான் சுப்ரஜா அவருக்கு மனைவியானாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு எல்லா விசேஷத்துக்கும் தனியாகப் போய், "அவங்களுக்கு ஆபீஸ்ல அவசர வேலை" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் மணிராஜ். அதே ஆபீசில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன், ஏரல்காரன், குடும்பமே வயலிலும் வாழைத் தோப்பிலும் கூலி வேலை செய்து அவனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்திருந்தது. சாயங்காலம் சைட்டிலிருந்து வந்து, பின்னறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எந்தத் தூண் எங்கே இடிக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு ஆளோடு பேசுவதில் கோமதிசங்கருக்குப் பயமில்லை. இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்தால்தான் வாய் மூடிக்கொள்ளும்.

மணிராஜின் அம்மா மாரித்தாய். கோமதிசங்கருக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தபோது, மகன் சொன்னதைக் கேட்டு, கீழாநெல்லியைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு ஏரலிலிருந்து பஸ் ஏறி வந்தாள். சுப்ரஜாவின் அடுப்படியில் உட்கார்ந்து அரைத்து, மோரில் கலக்கி, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். காமாலை இறங்கும்வரை வாரம் தவறாமல் வந்தாள். போகும்போதெல்லாம், "எய்யா, மேலுக்குச் சொகமானதும் எங்க வீட்டுக்கு ஒரு நாளு வாங்க. ஆத்தங்கரைதான், காத்து நல்லா வரும்" என்பாள். "வாரேம்மா" என்பார். போகவில்லை.

அந்த மாரித்தாய் தொண்ணூற்று நான்காம் வருஷம் மாசியில் செத்துப்போனாள். வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்தாளாம். ஆபீசுக்குப் போன் வந்ததும் கோமதிசங்கருக்குக் கண் நிறைந்துவிட்டது. பயத்தையெல்லாம் அன்று அவர் நினைக்கவே இல்லை. மேசை விளக்கை அணைத்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏரல் பஸ்ஸில் ஏறினார். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும்தான் உள்ளங்கை நனைய ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதைத் துட்டி கேட்பது என்போம். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னித்துவிடுவார்கள், துட்டிக்குப் போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் ஓலைப் பந்தல் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் அந்த நடுவில் நடந்து போய், செத்தவரின் பிள்ளைகள் நீட்டும் கைகளைத் தொட்டுவிட்டு, தானும் ஓர் ஓரத்தில் உட்கார வேண்டும். பேசவேகூட வேண்டாம். அவ்வளவுதான் காரியம்.

அந்த அவ்வளவுதான் கோமதிசங்கருக்கு முடியவில்லை. தெருமுக்கில் ஒரு வாடகை சைக்கிள் கடை. அதன் ஓரமாக நின்று பார்த்தார். பந்தல் தெரிந்தது. கொட்டுச் சத்தம் கேட்டது. பெஞ்சுகளில் வரிசையாகத் தலைகள். நடுவில் வெறும் பாதை. மணிராஜ் மொட்டைத் தலையோடு பந்தலின் கோடியில் நின்றுகொண்டிருந்தான். இருபதடி நடந்தால் போதும். ஒரு காலை எடுத்து வைத்தார். யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், மூச்சு முட்டியது, கண் இருட்டியது, விழுந்துவிடுவோம், சாவு வீட்டில் போய் விழுந்து எல்லோரையும் கலவரப்படுத்தப் போகிறோம் என்று தோன்றியது. எப்படித் திரும்பினார், எப்படி பஸ் ஏறினார் என்று தெரியாது. பஸ் கிளம்பி ஆற்றங்கரைத் தென்னைகள் பின்னால் நகர்ந்ததும் மூச்சு சீராகிவிட்டது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

காரியங்கள் முடிந்து மணிராஜ் வேலைக்குத் திரும்பினான். அன்று சாயங்காலம் ஸ்டூலை இழுத்துப் போடவில்லை. நின்றபடியே கேட்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு மணி."

"அன்னைக்கு எங்க தெருமுக்கு வரைக்கும் வந்திய. சைக்கிள் கடைகிட்ட நின்னிய. எங்க மாமா பாத்து அடையாளம் சொன்னாரு, நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குள்ள வராமத் திரும்பிப் போயிட்டிய. எங்க வீட்டு நடை ஏறக் கூசிச்சோ?"

கோமதிசங்கருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சைவக் குடும்பத்துப் பிள்ளை, ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக இருந்த வீடு. கூலிக்காரர் தெருவுக்குள் கால் வைக்கக் கூசித் திரும்பிவிட்டான். ஏரலில் அன்று அதைத்தான் பேசியிருக்கிறார்கள்.

"அப்படியில்ல மணி" என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

மணிராஜ் காத்து நின்றான். பிறகு, "எங்கம்மா உங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தா. நீங்க எங்க தெருவுக்குள்ள வர மாட்டிய. சரி, இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதுவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருந்தான். அன்றிலிருந்து சார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சுப்ரஜா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு சீக்கு இருக்கு சுப்ரஜா" என்று ஆரம்பித்தார். அவள் பதறிப்போய்ப் பேனாவை வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: உள்ளங்கை வியர்ப்பதை, காப்பி டம்ளரை, ஏரல் தெருமுக்கை. சொல்லி முடித்ததும் அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இத்தன வருசமா எங்க ஆளுகள உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். எங்கப்பா சாகும்போதுகூட நீங்க மாப்பிள்ளைன்னு பந்தல்ல வந்து நிக்கலன்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டிருக்கேன். பயம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"பயம்னு சொல்லவும் பயம்."

அவள் பரீட்சைத் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "டாக்டர்கிட்டப் போவோம். இதுக்கும் டாக்டர் இருப்பாங்க" என்றாள்.

இருந்தார். நூர்முகம்மது என்று பெயர். மேலப்பாளையத்துக்காரர், கோமதிசங்கரின் வயதுதான் இருக்கும். மனநல டாக்டர் என்றாலே பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவர் என்று நினைத்த காலம். தெரிந்தவர் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்ற நினைப்பிலேயே கோமதிசங்கர் வெளி பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூட்டத்துக்குள்ள போனா என்ன நடக்கும்னு நெனைக்கிய?" என்றார்.

"எல்லாரும் என்னையப் பாப்பாங்க. கேவலமா நெனப்பாங்க."

"வெளிய பெஞ்சில இவ்வளவு நேரம் இருந்தியளே, பக்கத்துல இருந்தவரு என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு?"

கோமதிசங்கர் யோசித்தார். தெரியவில்லை.

"அவருகிட்ட உங்க சட்டையப் பத்திக் கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவாரு. அவரு பாடு அவருக்கு." டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது வெறும் கூச்சம் இல்ல. கூச்சப்படுத ஆளு கொஞ்ச நேரத்துல பழகிருவாரு. உங்களுக்கு வந்திருக்கது பயம். நெறயப் பேருக்கு இருக்கு. யாரும் வெளிய சொல்லுததில்ல. அது எதுல வளருதுன்னு தெரியுமா? நீங்க தப்பிச்சு ஓடுதியள்ளா, அதுலதான். ஓடுனதும் ஒரு நிம்மதி வருதுல்ல, அந்த நிம்மதிதான் அதுக்குத் தீனி."

திரும்பும் பஸ்ஸில் வந்த நிம்மதி கோமதிசங்கருக்கு ஞாபகம் வந்தது.

"தொண்ணூத்திரண்டுல ஆத்துல வெள்ளம் வந்துச்சே, பாத்தியளா? ஏறிக்கிட்டே இருந்துச்சு. வானம் வரைக்குமா ஏறிச்சு? ஒரு மட்டத்துல நின்னுச்சு, அப்புறம் வடிஞ்சுது. உங்க பயமும் அப்படித்தான். நீங்க ஒரு தடவகூட அது வடியுத வரைக்கும் நின்னு பாத்ததில்ல. ஏறும்போதே ஓடி வந்திருதிய. பயம் போகட்டும், அதுக்கப்புறம் நாலு பேரு கூட்டத்துக்குப் போவோம்னு இருந்தா கடைசி வரைக்கும் போக மாட்டிய. பயத்தையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போங்க. சின்ன எடமாப் பாத்துத் தொடங்குங்க."

மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அது கொஞ்ச நாளைக்குக் கைத்தாங்கலாக இருக்கும், நடக்க வேண்டியது நீங்கள்தான் என்றார்.

கோமதிசங்கர் தொடங்கிய சின்ன இடம், ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடை. பதினொரு மணிக்கு அங்கே கொத்தனார்களும் லாரி டிரைவர்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களுமாகக் கூட்டம் நெரியும். அந்த நேரமாகப் பார்த்துப் போனார். ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் நின்று டீ கேட்டார். முதல் தடவை குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. கிளாஸ் கைக்கு வந்ததும் அவர் நினைத்த மாதிரியே நடுங்கியது. டீ தளும்பிச் சட்டையில் வழிந்தது. எதற்காக இத்தனை வருஷம் பயந்தாரோ அது நடந்தே விட்டது. டீ மாஸ்டர், "சூடா இருக்கு, பைய குடிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸுக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற டிரைவர் தினசரியில் லாட்டரி முடிவு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிவிடச் சொல்லிக் கால் கெஞ்சியது. ஓடவில்லை. நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்தார், மறுபடியும் படித்தார். எப்போது என்று சொல்ல முடியாமல் ஒரு கட்டத்தில் மூச்சு தானாக இறங்கியது. கை ஈரம் காய்ந்திருந்தது. கூட்டம் அப்படியே இருந்தது, இவரும் அங்கேயே இருந்தார். வடிவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்.

அதன் பிறகு தினமும் போனார். டீக்கடை பழகியதும் ரேஷன் வரிசை, முடிவெட்டும் கடை, பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரை உரக்கக் கூப்பிடுவது. எதிரே வருகிறவரிடம், "என்ன, சௌக்கியமா?" என்று முந்திக்கொண்டு கேட்பார். கேட்கப்பட்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஏதோ கடன் கேட்கப் போகிறார் என்று ஒருவர் அடுத்த சந்தில் நுழைந்துவிட்டார். அதைச் சொல்லிச் சுப்ரஜாவும் அவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

எல்லாம் ஏறுமுகமாகவே இருந்துவிடவில்லை. பெருமாள்புரத்தில் அவர் வரைந்த ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி விளக்கும்படி இஞ்சினியர் அவரிடம் சொல்லிவிட்டார். ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்து கீச்சென்று போயிற்று. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவளுக்கு வேறு எதற்காவதுகூடச் சிரிப்பு வந்திருக்கலாம். கோமதிசங்கர் அடுப்படிக்குள் நுழைந்து, பின்வாசல் வழியாக வெளியேறி, செருப்பைக்கூட எடுக்காமல் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, இனிமேல் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றார். தன்னால் ஆகாது, பிறவியே இப்படி என்றார். சுப்ரஜா அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள்.

"சரி, இன்னைக்கு ஓடி வந்துட்டிய. ஓடுனவங்க திரும்பிப் போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? செருப்பு வேற அங்கன கெடக்கு."

ராத்திரி முழுக்க அவளோடு பேசாமல் இருந்தார். காலையில் எழுந்து பெருமாள்புரத்துக்குப் போனார். வீட்டுக்காரர் வாசலில் நின்று வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய சம்பந்தி வீட்டார் எல்லாம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்துப் பாதியில போயிட்டேன். கூட்டத்துல பேச எனக்குப் பயம். மாடியப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன். சொல்லிட்டுப் போறேன்" என்றார் கோமதிசங்கர்.

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டார். சம்பந்தி வீட்டாரும் காப்பி டம்ளரோடு வந்து நின்று கேட்டார்கள். மாடிப்படியை ஏன் கிழக்கே வைத்தோம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று கோமதிசங்கர் நடுங்கும் குரலில் கடைசி வரை சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவருக்கு ஒன்று விளங்கியது. பயமில்லாத ஆளாக மாறுவது அவருக்கு வாய்க்காமல் போகலாம். திரும்பிப் போகிற ஆளாக இருக்கலாம். அது கையில் இருக்கிறது.

ஆவணியில் கல்லிடைக்குறிச்சியில் சுப்ரஜாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மறுநாள், தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றும் சொதிச் சாப்பாட்டுப் பந்தியில், மூலை இலையை விட்டுவிட்டு, நட்டநடு இலையில் போய் உட்கார்ந்தார். உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொதி வாளி தாண்டிப் போனபோது, "இங்கன இன்னொரு கரண்டி. இஞ்சிப் பச்சடியும் வேணும்" என்று சத்தமாகக் கூப்பிட்டார். சத்தம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. எதிர் வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த சுப்ரஜா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆபீசில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. மணிராஜ் வருவான், சைட் விவரம் சொல்வான், போய்விடுவான். ஒரு நாள் கோமதிசங்கர் அவனை நிறுத்தி, "மணி, அன்னைக்கு நடந்ததச் சொல்லணும்" என்றார். "கம்பி வந்து எறங்குது சார். ஆளு நிக்கணும்" என்று அவன் நகர்ந்துவிட்டான். தனியறையில் காதோடு காதாகச் சொல்லித் தீர்க்கிற விஷயமில்லை இது என்று அவருக்கும் பட்டது. ஒரு தெருவே பார்த்துப் பேசிய அவமானத்தைப் பின்னறையில் வைத்து எப்படித் துடைப்பது?

மறுவருஷம் மாசியில், அம்மாவின் முதல் வருஷத் திதி என்று மணிராஜ் லீவு சொன்னான். கோமதிசங்கரை அழைக்கவில்லை. அன்று காலையில் இவர் வேட்டி சட்டையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "நானும் வரட்டா?" என்றாள் சுப்ரஜா.

"வேண்டாம். நீ வந்தா உன் பின்னால ஒளிஞ்சுக்கிடுவேன்."

"கூட்டமில்லாத ஒரு நாளாப் பாத்துப் போகலாம்லா?"

"அன்னைக்குக் கூட்டத்தப் பாத்துத்தான் திரும்பினேன். கூட்டத்துலதான் போய் நிக்கணும்."

அவள் வற்புறுத்தவில்லை. "முடியாமத் திரும்பி வந்தாலும் இங்க சாப்பாடு இருக்கும்" என்றாள்.

"எனக்கு வைக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சைக்கிள் கடை அப்படியே இருந்தது. அதைத் தாண்டும்போது உடம்பு தன் வேலையைக் காட்டியது. நெஞ்சு, உள்ளங்கை, நாக்கு எல்லாம் வரிசையாக வந்தன. வாங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். எல்லோருமாகச் சேர்ந்தே போவோம். தெருவுக்குள் நடந்தார். வீட்டு முன்னால் துணிப்பந்தல். பெஞ்சுகளில் ஆட்கள். பேச்சு நின்றது. இந்தத் தடவை எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். பிரமை இல்லை, மெய்யாகவே பார்த்தார்கள். மணிராஜ் வாசலில் வாளியோடு நின்றவன் அப்படியே நின்றான். கோமதிசங்கர் நேராகப் போய் அவனுடைய கையைத் தொட்டார். ஒரு வருஷம் பிந்திய துட்டி. பிறகு பெஞ்சில் இடமிருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

எதிரே இருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். மாரித்தாயின் தம்பி சுடலைக்கண்ணு. அன்று தெருமுக்கில் அவரைப் பார்த்தவர்.

"போன வருசம் முக்கு வரைக்கும் வந்துட்டு, எங்க தெரு மண்ணு கால்ல ஒட்டிரும்னு திரும்பிப் போன ஆளுதான?"

பந்தலே கோமதிசங்கரின் வாயைப் பார்த்தது. இப்படி ஒரு நிமிஷம் வரக்கூடாது என்றுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எழுந்து நின்றார். வேட்டிக்குள் கால்கள் வெடவெடவென்று ஆடின.

"ஆமா. நான்தான்" என்றார். குரல் கமறியது. இருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "சாதியப் பாத்துத் திரும்பல. கூட்டத்தப் பாத்துத் திரும்பினேன். நாலு பேரு இருக்க எடத்துக்கு வந்தா எனக்குக் கை கால் நடுங்கும், மூச்சு முட்டும். சின்ன வயசுலருந்தே இருக்கு. டாக்டர்கிட்டப் பாத்துக்கிட்டிருக்கேன். என் மாமனார் துட்டிக்கே பந்தல்ல நிக்காம ஓடுன ஆளு நான். ஆனா அந்தம்மா என்னையப் பொழைக்க வச்சாங்க. அவங்களுக்கு வராதது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

யாரோ பின்னால், "ஆம்பளைக்குக் கூட்டத்தக் கண்டு பயமா?" என்று சொல்லிச் சிரித்தார்கள். சுடலைக்கண்ணு சிரிக்கவில்லை.

"நம்பும்படியா இல்லையே" என்றார்.

"நம்பணும்னு இல்ல அண்ணாச்சி. இன்னைக்கு வந்திருக்கேன். இருந்து சாப்பிட்டுப் போறேன்."

உட்கார்ந்தார். முதுகில் வியர்வை ஓடியது. பேச்சு மெள்ள வேறு பக்கம் போயிற்று: வாழைக்கு விலை, மேலக்கால் வாய்க்காலில் தண்ணீர் விடாதது. அவர் எழுந்து போகவில்லை. பந்தி போட்டபோது கறிக்குழம்பு அவருக்கு ஆகாது என்று மணிராஜின் அக்கா இசக்கியம்மா ரசமும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். சோற்றைப் பிசையும் அவர் கையையே பார்த்தாள்.

"கை இப்படி நடுங்குதே, காச்சலா?"

"இல்லம்மா. பயம்."

"எங்களப் பாத்தா?"

"எல்லாரையும் பாத்துத்தான்."

அவள் திரும்பித் தாய்மாமனைப் பார்த்தாள். "ஏ மாமா, நெசமாத்தான் நடுங்குதாரு. பாவம், நீரு வேற அதட்டிட்டீரு" என்றாள். சுடலைக்கண்ணு தண்ணீர்ச் செம்பை கோமதிசங்கர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பஸ் ஸ்டாப் வரை மணிராஜ் கூட வந்தான். சைக்கிள் கடையைத் தாண்டியதும் கேட்டான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்ல வாய் வந்தா இந்தச் சீக்கே இல்லையே மணி."

அவன் தலையாட்டினான். "எனக்கு மனசு ஆறக் கொஞ்ச நாளாகும்" என்றான்.

"ஆகட்டும்" என்றார் கோமதிசங்கர்.

ஆயிற்று. சித்திரை போய், வைகாசியில் ஒரு சாயங்காலம், மணிராஜ் பின்னறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். போர்டிகோவின் தூண் ஒன்று வழியை மறிக்கிறது, மாற்ற வேண்டும் என்றான். அண்ணாச்சி என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை. கோமதிசங்கரும் எதையும் கேட்காமல் பென்சிலைச் சீவினார்.

தொண்ணூற்று ஏழில் இஞ்சினியர் ஆபீசை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். இருவரும் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மாடி அறையை எடுத்தார்கள். மணிராஜுக்குக் கட்டட வேலை, கோமதிசங்கருக்கு பிளான். இப்போது வருகிற ஆட்களிடமெல்லாம் அவர்தான் பேச வேண்டும். மாத்திரை நின்று வெகுநாளாகியிருந்தது. பயம் நிற்கவில்லை. சில நாள் காலையில் மாடிப்படி ஏறும்போதே நெஞ்சு அடிக்கும். அப்படிப்பட்ட நாட்களில் அறைக்குள் நேரே போகாமல், கீழே டீக்கடையில் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு ஏறுவார். துட்டிகளுக்கு ஒன்று விடாமல் போனார். சுப்ரஜா பொய் சொல்லுவதை விட்டுவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் திருச்செந்தூரில் ஒரு வீட்டைப் பாகம் பிரிக்க பிளான் வரையக் கூப்பிட்டார்கள். அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவிமார், மச்சினன்மார் என்று கூடம் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு சத்தம். வெளியே கோவிலுக்குப் போகும் காவடிக் கூட்டத்தின் சத்தம் வேறு. கோமதிசங்கர் பழைய பிளானை நடுக்கூடத்தில் விரித்து, சுவர் எங்கே வர வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார். விரல் ஆடியது. மூத்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"கை இப்படி ஆடுதே வே, கோடு நேரா வருமா?"

சத்தம் அடங்கி எல்லோரும் அவர் விரலைப் பார்த்தார்கள். கோமதிசங்கர் விரலை எடுக்கவில்லை.

"ஆளுகளுக்கு முன்னால ஆடத்தான் செய்யும். தனியா இருந்து வரையும்போது ஆடாது" என்றார். "கோடு நேராத்தான் வரும். இப்பம் சொல்லுங்க, கெணறு யாரு பங்குல வருது?"